வயற்புறத்துப் பாம்புகளை இனமறிதல்

ஆரணியை அடுத்த திருமலையைப்போல், பாறைக் குன்றும் நெல் வயலும் அருகருகே அமைந்த கிராமங்களில் எலியுள்ள இடத்தில் பாம்பும் இருக்கும். கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்வதால் நஷ்டமடைபவர் குடியானவரே. சாரைப்பாம்பு விஷமற்றது, எலிகளைத் தேடி விழுங்குவது. சாரையும் நாகமும் பிணைவதாகச் சொல்வது பிழை. அவை ஒன்றோடொன்று போரிடும் ஆண் சாரைகளே.

அஞ்சத்தக்கவை முக்கியமாக நான்கு: படமெடுக்கும் நல்லபாம்பு; கருமேனியில் வெண்பட்டைகளுடன் இரவில் திரியும் கட்டுவிரியன்; தடித்த உடலில் சங்கிலிபோல் புள்ளிகளுள்ள கண்ணாடிவிரியன்; கற்களினடியில் பதுங்கி, செதில்களை உரசி ஒலியெழுப்பும் சுருட்டைவிரியன்.

இருளர்கள் பாம்பைத் தேடும் முறை கவனிக்கத்தக்கது. மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவற்றைக்கொண்டு அது தங்குமிடத்தை அறிகின்றனர். 1978-ல் ஏற்பட்ட அவர்களது வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காகப் பாம்புகளின் விஷத்தை எடுத்தபின் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறது. அனுமதியின்றிப் பாம்பு பிடித்தல் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும். ஆகையால் மற்றையோர் தூரத்திலிருந்து பார்த்தறிதலே போதும்.

இரவில் விளக்கும் கோலுமின்றி வரப்பில் நடத்தல் கூடாது. வைக்கோற்போரில் கைவைக்குமுன் கோலால் தட்டவேண்டும். தரையில் படுப்போர் கொசுவலையைப் பாயின்கீழ் செருகிக்கொள்ளுதல் நலம். கட்டுவிரியன் கடித்தது உறங்குவோருக்குத் தெரியாமலே போவதுண்டு.

கடிபட்டவிடத்தைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு. அவ்வங்கத்தை அசையாமல் வைத்து, மந்திரத்தில் காலம் போக்காமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். கிராம அதிகாரிகள் அவ்வாஸ்பத்திரி எதுவென்பதை முன்னரே விசாரித்து, ஊரார் அனைவருக்கும் தெரிவித்து வைப்பார்களாக.