எலிக்கு அஞ்சி எழுந்த ஊர்

நாட்டு வரலாற்றைப் படிக்கும்போது அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் நம் நினைவில் நிற்கின்றன. ஒரு குடும்பம் அரிசியை எங்கே வைத்தது, குப்பையை எங்கே கொட்டியது, அடுப்படித் தண்ணீர் எவ்வழி ஓடியது என்பவற்றை எவரும் பாடமாகப் படிப்பதில்லை. ஆயினும் ஓர் ஊரின் வாழ்வும் சாவும் பல வேளைகளில் இச் சிறு செய்திகளைப் பற்றியே நின்றிருக்கின்றன. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. நம் மாணவருள் பலர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிரேசர் டவுனே போதிய சான்றாகும்.

ஊர் பிறந்த வரலாறு

ஆங்கிலேயர் 1809 ஆம் ஆண்டில் பெங்களூரில் தம் படைக்கு இருப்பிடம் அமைத்தனர். மக்கள் அப்பகுதியைத் தண்டு என்று வழங்கினர். படை வந்தால் படைக்கு வேண்டியவர்களும் வருவார்கள் அல்லவா? கொத்தர், தச்சர், வணிகர், சமையற்காரர், கணக்கர் எனத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர் பலர். அல்சூரும், இன்று சிவாஜி நகர் எனப்படும் பழைய பிளாக்பள்ளியும் தமிழர் நிறைந்த இடங்களாயின. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873 இல் தொடங்கிய பள்ளி அத்தலைமுறையின் வளர்ச்சிக்கு ஓர் அடையாளம். ஆனால் மக்கள் பெருகிய அளவுக்குத் தெருக்கள் பெருகவில்லை. நெருக்கமான வீடுகள், காற்றுப் புகாத அறைகள், தானிய மூட்டைகள் நிறைந்த கடைகள் ஆகியன ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

1896 இல் பம்பாயில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் புகுந்தது. நெருக்கமான பகுதிகள் பெரிதும் துன்புற்றன. அதன் பின்னரே நகரை விரித்துக் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மைசூர் அரசின் பகுதியில் மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன. தண்டுப் பகுதியில் 1906 இல் எழுந்தது பிரேசர் டவுன். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராய் இருந்து, பின்னர் மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாகப் பணியாற்றிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது பெற்றது. 1988 இல் புலிகேசி நகர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எனினும் பழைய பெயரும் மக்கள் நாவில் நிலைத்திருக்கிறது.

இந்நகரமைப்பில் பெரும் பங்கு கொண்டவர் தண்டு நகராட்சியின் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். அவர் 1914 இல் பெங்களூரின் நகரமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிளேக் நுழையாத நகரமைப்பு என்பதே அந்நூற்பெயரின் கருத்து. ஓர் ஊரின் திட்டத்துக்கு ஒரு நோயின் பெயரையே தலைப்பாக வைத்தார் என்றால் அன்றைய அச்சம் எத்தகையது என்பதை உணரலாம்.

நோய் பரவும் வழி

பிளேக்கின் கிருமியை 1894 இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்தார். அது எலிகளைத் தாக்கும் நோய் என்பதும் தெரிந்தது. ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1898 ஜூனில் கராச்சியில் அவர் ஓர் எளிய சோதனை செய்தார். தெள்ளுப்பூச்சிகள் மிகுந்த நோயுற்ற எலி ஒன்றையும், நலமான எலி ஒன்றையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் கம்பிவலை இட்டார். நோயுற்ற எலி இறந்தது. சில நாட்களில் நலமான எலியும் நோயுற்று இறந்தது. வலையைத் தாண்டிச் சென்றது தெள்ளுப்பூச்சியே!

கிருமி தெள்ளுப்பூச்சியின் இரைப்பாதையில் பெருகி அதனை அடைத்துவிடுகிறது. பூச்சி எவ்வளவு குருதி உறிஞ்சினாலும் அதன் பசி அடங்குவதில்லை. ஆதலின் மீண்டும் மீண்டும் கடிக்கிறது; கடிக்குந்தோறும் கிருமியைப் புண்ணில் கக்குகிறது. எலி உயிரோடு இருக்கும் வரையில் பூச்சி எலியின் உடலிலேயே வாழும். எலி இறந்து உடல் குளிர்ந்ததும் வேறு வெப்பக் குருதி தேடி வெளியேறும். அருகில் உறங்கும் மனிதனே அதற்கு அடுத்த புகலிடம்.

பெங்களூரில் நோய் புகுவதற்கு இரண்டு திங்கள் முன்னரே சிமோன் இதனைக் கண்டார். ஆனால் அறிஞர் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1905 ஆம் ஆண்டு முதல் பம்பாயில் நடைபெற்ற விரிவான ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே ஐயம் நீங்கியது.

வன்முறையும் கட்டடமும்

நோயின் வழி தெரியாத காலத்தில் அரசு மேற்கொண்ட முறை கொடிது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயுற்றோரைக் குடும்பத்திலிருந்து பிரித்து முகாமுக்குக் கொண்டு சென்றனர். பெண்களை அயலார் தொட்டுப் பார்த்தனர். 1897 ஜூனில் புனேயில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். 1898 இல் பம்பாயில் கலகம் மூண்டது. அதே ஆண்டு மைசூர் அரசின் சீரங்கப்பட்டணத்துப் பக்கத்திலும் கலகம் நேர்ந்தது. மக்கள் நோயை மறைத்தனர். மறைத்ததால் நோய் மேலும் பரவியது. அடுக்களைக்குள் பூட்ஸ் காலோடு புகுந்தவன் சொல்லும் நல்லுரையை எந்தக் குடும்பம் கேட்கும்?

கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதை அறிவோம். அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அஞ்சிய மக்கள் நம்பிச் செல்ல ஓர் இடம் வேண்டினர், அரசு அந்த இடத்தைத் தரவில்லை என்றே நான் அவற்றை எண்ணுகிறேன்.

கட்டடத்தின் வழி இதனினும் மேலானது. எலிக்கு வேண்டுவன மூன்று: உணவு, ஒளிவிடம், போக்குவரவுக்கு வழி. இம்மூன்றையும் மறுத்தால் அது வீட்டில் தங்காது. உயர்ந்த அடித்தளமும் கெட்டித் தரையும் வளை தோண்ட விடா. கம்பிவலை இட்ட காற்றுத் துளையும் சாக்கடை வாயும் அதன் நுழைவைத் தடுக்கும். இடைவெளியும் அகன்ற தெருவும் கூரைக்குக் கூரை தாவ விடா. நம் ஊர் வீடுகளை இந்நோக்கில் பாருங்கள். ஓட்டுக் கூரையும் பரணும் கருப்பு எலிக்கு அரண்மனைகள்; அது ஏறுவதில் வல்லது. ஆனால் நம் முன்னோர் செய்த மண்குதிரை அப்படிக் குறை கூற முடியாது. வாயை மண்ணால் பூசி மூடி, அடியில் உள்ள துளை வழியே நெல் எடுக்கும் அம்முறை எலியை நன்கு அறிந்தவர் கண்ட முறை.

புதிய மனையில் வீடு கட்ட வசதி உடையவரே முதலில் குடியேற முடியும் என்பது வெளிப்படை. வசதியற்றவர் பழைய நெருக்கத்திலேயே இருக்க நேரும். திட்டத்தின் சிறப்பைச் சொல்லும்போது இக்குறையையும் மறைத்தல் ஆகாது.

ஒரு தெருவில் நிகழ்ந்தது

நான் விலங்கியல் பயில்பவன்; புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். நான் தங்கியிருக்கும் தெருவில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் கேட்கும். சென்ற ஆண்டு அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை அடுக்குமாடிக்காக இடித்தனர். இடித்த சில நாட்களிலேயே அங்கிருந்த எலிகள் சுற்றியுள்ள வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இடிபாடுகள் பின்சந்தை அடைத்துக்கொண்டன. அதன்மேல் குப்பை சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்தைக் குறை கூறியது.

ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் எலி ஒன்று செத்துக் கிடந்தது. நான் அதனை எடுக்கப் போனேன். வீட்டுக்கார அம்மா, “தம்பி, கையால் தொடாதே!” என்று தடுத்தார். அதன்மேல் சிறிது மண்ணெண்ணெய் தெளித்தார். சற்று நேரம் விட்டு, இடுக்கியால் எடுத்து எரிக்கச் சொன்னார். “எதற்கம்மா மண்ணெண்ணெய்?” என்று கேட்டேன். “என் மாமியார் அப்படித்தான் செய்வார். அவருக்கு அவர் மாமியார் சொன்னது. ஏன் என்று எனக்குத் தெரியாது” என்றார்.

எனக்கு ஏன் என்பது தெரியும். மண்ணெண்ணெய் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும். கராச்சியில் கண்ட உண்மை இந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் மாமியார் மருமகள் வழியே நூறாண்டு வாழ்ந்திருக்கிறது. அவர் காரணம் அறியார். நான் வழக்கம் அறியேன். இருவரும் சேர்ந்தபோதுதான் அறிவு முழுமை பெற்றது.

இச்செய்தியை அவரே பக்கத்து வீடுகளுக்குக் கொண்டு சென்றார். நான் சொல்லியிருந்தால் மாணவன் பேச்சு என்று விட்டிருப்பார்கள். அடுத்த ஞாயிறு ஏழு வீட்டார் கூடினர். எதிர்வீட்டு உருதுக் குடும்பத்துப் பிள்ளைகள் மண்வெட்டி கொண்டு வந்தனர். பின்சந்து திறந்தது. சாக்கடை வாய்களுக்கு வலை இட்டனர். அரிசியும் பருப்பும் சாக்கிலிருந்து மூடியுள்ள தகர டப்பாக்களுக்கு மாறின. எலிகள் அடியோடு ஒழிந்தன என்று கூற மாட்டேன். குறைந்தன, அதுவே பெரிது.

இக்காலத்துக்கு என்ன?

பிளேக் பழங்கதை என்று எண்ண வேண்டா. 1994 இல் சூரத்தில் அது தோன்றியபோது மக்கள் பேரளவில் நகரை விட்டு ஓடினர். கோலார், கிருஷ்ணகிரி, சித்தூர் மாவட்டங்கள் ஒன்றுகூடும் நிலப்பகுதி அந்நோயின் இயற்கை உறைவிடங்களுள் ஒன்று எனக் கருதப்படுகிறது. இன்று உயிர்எதிர் மருந்துகள் உள்ளன. தொடக்கத்திலேயே கொடுத்தால் நோயாளி பிழைப்பார். ஆயினும் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நம் நாட்டில் உயிர்களைக் கொள்கிறது.

ஒன்றைச் சிறப்பாக நினைவில் கொள்க. எலிகள் காரணமின்றிக் கூட்டமாய் இறந்தால் எலிநஞ்சு வைக்க விரையாதீர்கள். எலி சாகச் சாகத் தெள்ளுப்பூச்சிகள் மனிதரை நாடும். முதலில் பூச்சியை ஒழித்துப் பிறகே எலியை ஒழித்தல் வேண்டும் என்பது நலத்துறை வல்லுநர் கண்ட முறை. அத்தகைய நிலையில் உடனே சுகாதார அலுவலர்க்கு அறிவிக்க வேண்டும்.

தோழர்களே! நாம் வாடகைக்கு வந்தவர்கள். இரண்டாண்டில் போய்விடுவோம், இத்தெரு நம்முடையது அன்று என்னும் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உணவுப் பொட்டலத்தைத் தெருமுனையில் எறியும் கை அந்த எண்ணத்தின் கையே. ஆனால் எலிக்கு வாடகைக்காரர், உரிமையாளர் என்ற வேறுபாடு தெரியாது. தமிழர், கன்னடர் என்ற வேறுபாடும் தெரியாது. ஒரு வீட்டுக் குப்பை மற்ற வீட்டுக் குழந்தையின் நோய். வந்த இடத்தை நம் இடமாக்கிக்கொள்ள எளிய வழி அதன் சாக்கடையில் நமக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே.

நம் மன்றத்தார் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், அல்சூர்ப் பகுதிகளில் தங்கியிருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் சென்று, பிளேக் காலத்தைப் பற்றி அவர் வீட்டில் என்ன சொல்வார்கள், இன்றும் என்ன வழக்கம் எஞ்சியிருக்கிறது என்று கேட்டு எழுதி வருக. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. அவ்வீடுகளின் நினைவையேனும் நாம் ஏட்டில் காப்போம். அடுத்த இதழுக்குள் இருபது வீட்டுச் செய்திகள் சேர்ந்தால், எந்த நூலிலும் காணாத ஒரு வரலாற்றின் தொடக்கம் நம் கையில் இருக்கும்.