இருளில் கண் காண்பது எவ்வாறு?

நண்பகல் வெயிலிலிருந்து இருண்ட அறையினுள் நுழைபவருக்கு முதலில் ஒன்றும் புலப்படுவதில்லை. சற்றுப் பொறுத்தால் பெட்டியும் பாயும் மெல்லத் தோன்றுகின்றன. அறையில் ஒளி கூடவில்லை, கண்தான் மாறியிருக்கிறது. இம்மாறுதலின் காரணத்தை அறிந்துகொள்வது ஆசிரியருக்கும் கிராம ஊழியருக்கும் பெரிதும் பயன்படும்.

விழியின் உட்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இருவகைப்படும். கூம்பு வடிவானவை சுமார் 60 இலட்சம். நல்ல வெளிச்சத்தில் நிறங்களையும் நுண்ணிய உருவங்களையும் காண இவை உதவுகின்றன. கோல் வடிவானவை சுமார் 12 கோடி; மங்கிய ஒளியில் பணிபுரிபவை இவையே. இவற்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. அந்திக்குப் பின் செம்பருத்திப் பூ கறுத்துத் தோன்றுவது இதனாலேயாம்.

கோலணுக்களில் ரோடாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. ஆப்சின் என்ற புரதமும், வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டாகும் ரெட்டினல் என்ற பொருளும் சேர்ந்து அமைந்தது அது. ஒளி பட்டவுடன் ரெட்டினலின் வடிவம் மாறுகிறது. அதன் விளைவாகக் கோலணுவில் ஓடும் நுண்ணிய மின்னோட்டம் குறைகிறது. இம்மாறுதலைப் பற்றிய செய்தி நரம்புகளின் வழியே மூளையை அடைந்து காட்சியாகின்றது. இவ்விரசாயன நிகழ்ச்சியை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு, 1967-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

கடும் வெயிலில் ரோடாப்சினின் பெரும்பகுதி சிதைந்துவிடும். இருளில் அது மீண்டும் உருவாகும். இது நிறைவுபெற ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். உடலில் வைட்டமின் 'ஏ' மிகவும் குறைந்தால், நிறமி போதிய அளவு உருவாவதில்லை. இந்நிலையே மாலைக்கண்.

ஆகவே, பொழுது சாய்ந்தபின் தட்டுத்தடுமாறும் குழந்தையைக் கவனமற்றதென்று கடிந்துகொள்ளலாகாது. தன் குறையைச் சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. விளக்கு வைக்கும் வேளையில் அது விளையாட்டை விட்டு ஒதுங்குகிறதா, தட்டிலுள்ள உணவைக் கையால் துழாவுகிறதா என்று தாயிடம் வினவுதல் வேண்டும். ஆமெனில், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புக. மாலைக்கண்ணுக்கு வேறு காரணங்களும் உண்டாதலால் மருத்துவர் சோதித்தல் அவசியம். வைட்டமின் குறைவே காரணமாயின், தொடக்கத்தில் அளிக்கும் மருந்து விரைவில் குணந்தரும். அசட்டை செய்தால் கருவிழி உலர்ந்து குழைந்து, இழந்த பார்வையை மீட்க முடியாமற் போகலாம்.

குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' மருந்தளிக்கும் திட்டம் நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கியது. அளவு மிஞ்சினால் இம்மருந்து தீங்கு செய்யுமாதலால், சுகாதார ஊழியர் வாயிலாகவே அதனைப் பெறுதல் வேண்டும். அன்றாட உணவில் கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, பால் ஆகியவை இடம்பெறட்டும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அதன் சத்து உடலில் நன்கு சேரும்.