வண்ணத்துப்பூச்சித் தீவு

மேலை இந்தியத் தீவுகளுள் குவாதலூப் என்பது ஒன்று. 1635-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறிய இத்தீவு, இன்றும் பிரான்சு நாட்டின் ஒரு பகுதியாகவே விளங்குகின்றது. வானிலிருந்து நோக்குவார்க்கு இஃது இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். இறக்கைகள் இரண்டினையும் பிரிப்பது ஒரு குறுகிய கடற்கால். அதன் பிரெஞ்சுப் பெயருக்கு உப்பாறு என்பது பொருள். மேற்குப் பகுதிக்குப் பாஸ்தெர், அஃதாவது தாழ்நிலம், என்று பெயர். ஆயினும் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃபிரியேர் எரிமலை நிற்பது அத்தாழ்நிலத்திலேதான்! காற்றொதுக்கான கரையை அவ்வாறு வழங்குதல் மாலுமிகளின் மரபு. கிழக்கிலுள்ள கிராந்தெரோ, பெருநிலம் எனப் பெயர் பூண்டும் பரப்பிற் சிறியதே.

பாஸ்தெரின் தென்பால் துருவா ரிவியேர் என்னும் ஊரில், எரிமலைப் பாறைகளின்மீது மனித முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கொலம்பசு 1493-இல் இத்தீவினை அடைவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே ஈண்டு வாழ்ந்த பழங்குடியினர் விட்டுச்சென்ற சின்னங்கள் இவை.

தீவின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதற்கண் காணத்தக்கது பாஸ்தெர் நகரிலுள்ள தெல்கிரெஸ் கோட்டையாகும். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் உழன்றனர். புரட்சி அரசு 1794-இல் அவர்கட்கு விடுதலை அளித்தது. எட்டாண்டுகள் கழிந்தன. தீவினை அடக்குமாறு நெப்போலியன் ரிஷ்பான்ஸ் என்னும் தளபதியை அனுப்பினான். மீண்டும் அடிமைத்தளை வருதலை உணர்ந்த லூயி தெல்கிரெஸ், தாமே பிரெஞ்சுப் படையின் அதிகாரியாயிருந்தும், அதனை எதிர்த்து எழுந்தார். உலகனைத்தையும் விளித்து ஓர் அறிக்கை விடுத்தார். கோட்டையைக் காக்க இயலாமற் போகவே, மத்தூபா மலைச்சாரலுக்குப் பின்வாங்கினார். 1802-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், பகைவர் சூழ்ந்து நெருங்கியபோது, அவரும் அவரைச் சார்ந்த ஏறத்தாழ முந்நூற்றுவரும் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். அடிமைமுறை திரும்பவும் வந்தது.

ரிஷ்பான்சும் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். அவ்வாண்டுச் செப்டம்பரிலேயே மஞ்சட் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள்ளேதான் உள்ளது. ஒருகாலத்தில் அவர் பெயரால் வழங்கிய கோட்டை, 1989 முதல் தெல்கிரெஸ் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அடிமைமுறை முற்றும் ஒழிந்தது 1848-இல். கிராந்தெரிலுள்ள பெத்தி கனால் என்னும் சிற்றூரில், துறையிலிருந்து மேலேறும் கற்படிகளில் ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. புவாந்தாபீத்ர் நகரில், பழைய தார்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமை வாணிக வரலாற்றைக் கூறும் பெரியதொரு நினைவகம் 2015-இல் திறக்கப்பெற்றது. ஆலை நின்ற நிலத்தையே தேர்ந்தது மிகப் பொருத்தம்.

விடுதலை பெற்றோர் பலர் தோட்டங்களை விட்டு நீங்கினர். கரும்போ வெட்டுவார்க்குக் காத்திராது. ஆகவே தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மீது விழுந்தது. 1854-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரேலி என்னும் கப்பல் முதற் கூட்டத்தாரைப் புவாந்தாபீத்ரில் இறக்கிற்று. 1889 வரையில் வந்தோர் 40,000-க்கு மேற்பட்டவர். புதுவை, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர் அவருட் பலர். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே, எனினும் ஊர் திரும்பாதவரே மிகுதி.

இவர்தம் மக்கள் அம்மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இன்றி இருந்தனர். கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார், அவர்கட்கும் வாக்குரிமை வேண்டுமென 1904-இல் வழக்காடத் தொடங்கினார். அவ்வுரிமை கைகூடியது 1923-இல்.

அக்கப்பெஸ்தேரையடுத்த ஷாங்கியில் வண்ணச் சிற்பங்கள் நிறைந்த கோயில் ஒன்றுளது. அங்கு மாரியம்மன் 'மாலியேமன்' ஆகின்றாள். மதுரைவீரன் 'மால்தேவிலின்' ஆகின்றான். அன்றாடப் பேச்சில் தமிழ் மறைந்துவிட்டது. வழிபாட்டுப் பாடல்களில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. தீவினர் யாவரும் விரும்பி உண்ணும் 'கொலம்போ' என்னும் கறியில் மல்லி, சீரகம், மஞ்சள் ஆகியன சேர்வதுண்டு. அப்பெயர் நம் குழம்பின் திரிபே என்பர்.