கிணற்றடி மோட்டார் கொட்டகைக்குக் கம்பியில்லா அபாயச் சங்கு

கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் பயிர் வாடுவதுண்டு. ஓரிரவில் மோட்டாரோ, அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தாமிரக் கேபிளோ களவு போய்விட்டால் அந்நிலை நேருகிறது. நஷ்டம் போன சாமானின் விலையோடு நின்றுவிடுவதில்லை. புதுக் கேபிள் வாங்கி, ஆளைக் கொண்டு பொருத்தி, மறுபடியும் நீர் இறைக்கும்வரை, கதிர் வாங்கும் தருணத்திலுள்ள நெல் பொறுத்திராது. மோட்டார் கொட்டகைகள் பெரும்பாலும் ஊருக்கு அப்பால் இருப்பதால் இரவெல்லாம் ஆள் வைத்துக் காப்பதும் எளிதன்று. இத்தகைய இடங்களுக்குக் கம்பியில்லா அபாயச் சங்கு நல்ல துணையாகும். ஆனால் முறைப்படி அமைக்கப்படாத சங்கு, வேண்டிய இரவில் ஊமையாகிவிடும்.

உறுப்புகள்

இச்சாதனத்தில் முக்கியமான உறுப்புகள் மூன்று. முதலாவது, கதவில் பொருத்தும் உணர்கருவி. கதவில் ஒரு காந்தமும், நிலையில் ஒரு சிறு பெட்டியும் எதிரெதிராகப் பொருத்தப்படும். கதவு திறந்து காந்தம் விலகியதும், பெட்டி ரேடியோ அலையால் செய்தி அனுப்பும். இரண்டாவது, அச்செய்தியை ஏற்று ‘ரிலே’ என்னும் ஸ்விட்சை மூடும் வாங்கு கருவி. மூன்றாவது, ஒலி எழுப்பும் சங்கு.

‘கம்பியில்லா’ என்ற சொல்லைக் கேட்டுக் கம்பி வேலையே இல்லை என்று எண்ணுதல் தவறு. கம்பியின்றிச் செல்வது செய்தி மட்டுமே. சங்கு ஊதுவதற்கு வேண்டிய மின்சாரம் கம்பி வழியாகவே வரவேண்டும். கேபிளை அறுக்க வருபவன் தன் உயிருக்கு அஞ்சி முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவான். ஆகவே லைன் மின்சாரத்தை மட்டும் நம்பிய சங்கு, கள்வன் வந்த கணத்திலேயே செத்துவிடுகிறது. சங்குக்குச் சொந்தமாகப் பாட்டரி இருத்தல் இன்றியமையாதது.

பாட்டரிக் கணக்கு

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய பாட்டரியும், 10 வாட் சோலார் பலகையும், இரண்டுக்கும் நடுவே ஒரு சார்ஜ் கண்ட்ரோலரும் சாதாரணக் கொட்டகைக்குப் போதும். இதன் கணக்கை உதாரணத்தால் அறியலாம்.

வாங்கு கருவி 25 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 24 மணி நேரத்திற்கு 0.6 ஆம்பியர்-மணி செலவாகும். சங்கு 1 ஆம்பியர் இழுத்து 5 நிமிஷம் ஊதினால் 0.08 ஆம்பியர்-மணிதான் செலவு. அதாவது, ஊதுவதைவிடக் காத்திருப்பதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. பாட்டரியில் பாதியை மட்டும் உபயோகிப்பதானாலும், வெயிலே இல்லாத ஐந்து நாட்களைக் கடக்கலாம். நல்ல வெயிலில் 10 வாட் பலகை ஒரு நாளில் சுமார் 2 ஆம்பியர்-மணி தருமாதலால் குறைந்தது விரைவில் நிரம்பிவிடும்.

இடம் தேர்தல்

(1) சங்கைத் தரையிலிருந்து 10 அடிக்குக் குறையாத உயரத்தில், இறவாணத்தின் கீழ், ஊரை நோக்கி அமைக்கவேண்டும். மழைநீர் தேங்காதபடி அதன் வாய் சற்றே கீழ்நோக்கியிருத்தல் நலம்.

(2) தகரம் ரேடியோ அலையைத் தடுக்கும். கதவும் சுவரும் தகரமான கொட்டகையில், வாங்கு கருவியின் ஏரியல் வெளியே நிற்கவேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் இக்கம்பி சுமார் 17 சென்டிமீட்டர் நீளமிருக்கும். அது அலைநீளத்தில் கால் பங்காகும்; அதை வெட்டுவதோ சுருட்டுவதோ கூடாது.

(3) இரும்புக் கதவில் காந்தத்தை நேரே பதித்தால் அதன் சக்தி குறையும். இடையில் அரை அங்குல மரத்துண்டு வைத்துப் பொருத்துவது வழக்கம்.

(4) ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் அறியும் கருவியைத் திறந்தவெளியில் வைத்தால், நாயும் வெயிலில் காய்ந்து அசையும் செடியுங்கூடச் சங்கை ஊதவைக்கும். பொய்ச் சங்கு இரண்டு முறை ஊதினால், மூன்றாம் முறை எவரும் எழுந்து வரமாட்டார்கள்.

கம்பி இணைக்கும் முறை

முதலில் பாட்டரியைக் கண்ட்ரோலருடன் இணைக்கவேண்டும். பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் 3 ஆம்பியர் பீஸ் இருத்தல் அவசியம். பின்னரே சோலார் பலகையை இணைக்கலாம். கழற்றும்போது பலகையை முன்னும் பாட்டரியைப் பின்னுமாகக் கழற்றவேண்டும்.

கண்ட்ரோலரின் வெளியேற்று முனைகளிலிருந்து வாங்கு கருவிக்கு மின்சாரம் தரவேண்டும். அதே நேர்முனையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி ரிலேயின் பொது முனைக்குச் செல்லும். ரிலேயில் சாதாரணமாய்த் திறந்திருக்கும் முனையிலிருந்து சங்கின் சிவப்புக் கம்பிக்கும், சங்கின் கறுப்புக் கம்பியிலிருந்து எதிர்முனைக்கும் இணைப்பு முடிகிறது.

சங்குக்குச் செல்லும் கம்பி மிக மெல்லியதாயிருத்தல் கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி 20 மீட்டர் தூரம் சென்றால், போக வர 40 மீட்டரில் சுமார் 0.7 வோல்ட் குறையும். அதிற்பாதி பருமனுள்ள கம்பியில் அக்குறைவு இருமடங்காகும். கம்பியை இரும்புக் குழாய்க்குள் செலுத்தி, சங்கினுள் கீழ்ப்புறமாக நுழைக்கவேண்டும். தனக்குள்ளேயே சிறு பாட்டரி கொண்ட சங்கு கிடைத்தால் அது மேலானது. வெளிக்கம்பி அறுபட்டாலும் ஊதும்.

பின்னர் வாங்கு கருவியிலுள்ள ‘கற்பிக்கும்’ பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னும்போது உணர்கருவியை இயக்கினால், இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

கேபிளுக்குக் காவல்

கள்வன் கதவைத் தொடாமலே வெளியிலுள்ள கேபிளை அறுக்கக்கூடும். சில உணர்கருவிகளில் வெளிக்கம்பி சேர்க்க இரு முனைகள் உண்டு. அவற்றிலிருந்து இரட்டைக் கம்பி ஒன்றைத் தனிக் குழாயில் இட்டு, கேபிளோடு சேர்த்துக் கட்டி, மறுகோடியில் இரு நுனிகளையும் முறுக்கி மூடிவிடவேண்டும். கேபிளோடு இக்கம்பியும் அறுபட்டால், கதவு திறந்தாற்போலவே செய்தி செல்லும்.

சங்கொலி எட்டும் தூரம்

1 மீட்டரில் 110 டெசிபல் என்று குறிக்கப்பட்ட சங்கின் ஒலி, வெட்டவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறையும். சுமார் 250 மீட்டரில் அது 62 டெசிபலாகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் 50 டெசிபலே எஞ்சும். எதிர்க்காற்றும் தோப்பும் அதையும் குறைத்துவிடும். கதவடைத்துத் தூங்குபவரை அது எழுப்பாது. அவ்வளவு தொலைவிலுள்ள நிலத்திற்கு, சிம் கார்டு கொண்டு கைபேசியை அழைக்கும் கருவியையும் உடன் சேர்த்தல் வேண்டும். சங்கு ஐந்து நிமிஷத்தில் தானே நிற்குமாறு வைப்பது ஊராருக்கும் பாட்டரிக்கும் நல்லது.

சோதனை

மாதம் ஒருமுறை, பகலில், பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்க்கவேண்டும். மின்சாரம் உள்ளபோது செய்யும் சோதனை சோதனையாகாது. முழுதும் ஏறிய பாட்டரி ஓய்விலிருக்கையில் 12.7 வோல்ட் அளவு காட்டும். வெயில் நாட்களிலும் 12 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் பலகையின் தூசியைத் துடைத்து, இணைப்புகளைப் பார்த்து, பிறகும் தேறாவிடில் பாட்டரியை மாற்றவேண்டும். உணர்கருவியின் சிறு பாட்டரியை ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் நலம்.

கிராமத்தாரின் கடமை

சங்கு கள்வனைப் பிடிக்காது. மனிதரை அழைக்கமட்டுமே செய்யும். ஆதலால் அடுத்தடுத்த நிலக்காரர்கள் கூடி, எவர் சங்கு ஊதினால் எவரெவர் செல்வது என்று முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். தனியே செல்லாமல், விளக்குடன் இருவர் மூவராகச் செல்வதும், 112 என்ற எண்ணில் போலீஸாரை அழைப்பதும் உசிதம். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் இவ்வேற்பாட்டை முன்னின்று நடத்தலாம். மோட்டாரின் தயாரிப்பு எண்ணை ஒவ்வொரு விவசாயியும் குறித்துவைத்தால், களவு போனபின் புகார் கொடுக்கவும் மீட்ட பொருளை அடையாளங் காட்டவும் உதவும்.