எண்ணிடுவதும் வடிவமைப்புதான்

ஹந்தானை, கண்டி

அன்புள்ள தம்பி,

பேராதனையிலிருந்து நீர் எழுதிய கடிதத்தின் கடைசி வரி என்னை விடுவதாயில்லை. "குறியேட்டைப் பழக்கி எடுத்துவிட்டோம். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்பதற்குக் கிரே கோட் போட்டால் போதும்தானே, ஸேர்?"

போதாது. இந்தப் 'போதும்தானே' வருடாவருடம் மாணவர் அறிக்கைகளில் தலைகாட்டுகிறது. ஒருவரும் பென்சில் எடுத்துக் கூட்டிப் பார்ப்பதில்லை.

நாம் கூட்டுவோம். குறியேடு என்பது அனுப்பவேண்டிய மதிப்புகளுக்குப் பதிலாக நிற்கும் சொற்களின் பட்டியல். அதில் நான்கே சொற்கள்: −3, −1, 1, 3. நான்கும் சம வாய்ப்பில் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிட். வழியில் ஒரு பிட் புரண்டால் 00 ஆனது 01 ஆகவோ 10 ஆகவோ மாறும். இப்படி ஒரு பிட் மட்டும் வேறுபடும் சோடிகள் நான்கு. அவற்றின் வித்தியாச வர்க்கங்களைக் கூட்டும். சாதாரண இரும வரிசையில் (00, 01, 10, 11) மொத்தம் 40. கிரே வரிசையில் (00, 01, 11, 10) 4, 4, 4, 36; மொத்தம் 48! அயற்சொற்களை ஒரு பிட் தூரத்தில் வைக்கும் கிரே, இரண்டு அந்தங்களையும் அயலாக்கிவிடுகிறது; −3 அனுப்பினால் 3 போய்ச் சேரக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு 00, 11, 01, 10 என்று போட்டால் 72. பேராதனைக்கு எழுதிய கடிதம் கெட்டம்பேக்குப் போனால் நடந்துபோய் எடுக்கலாம், மன்னாருக்குப் போனால் என்ன செய்வீர்?

ஒரே குறியேடு, ஒரே பிட் எண்ணிக்கை, ஒரே சனல். நட்டம் மட்டும் 40, 48, 72. நான்கு சொற்களை 24 விதமாக எண்ணிட்டாலும் உண்மையில் வேறுபடுபவை இந்த மூன்றுதான். எட்டுச் சொற்களுக்கு அது 840. 128 சொற்களென்றால் அத்தனையையும் பார்த்து முடிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. அதனால்தான் ஸெகரும் கேர்ஷோவும் 1990இல், சொற்களைச் சோடி சோடியாக இடம்மாற்றி நட்டம் குறைகிறதா என்று பார்க்கும் வழியைத் தந்தார்கள். உமது பேச்சுத் தரவோ பத்துப் பரிமாணத்தில் கிடக்கிறது. அங்கே 'அடுத்த சொல்' என்ற வரிசையே இல்லாதபோது கிரே கோட்டை எதன் மேல் போடுவீர்?

இன்னொன்று. கிரே கோட்டின் கிரே, பெல் ஆய்வுகூடத்து பிராங்க் கிரே. 1980இல் லிண்டே, பூசோ இருவரோடும் சேர்ந்து குறியேடு பழக்கும் முறையை எழுதியவர் ரொபர்ட் கிரே. இருவரையும் ஒருவராக்காதேயும். அந்த முறைக்கு வேரான லொயிட்டின் கட்டுரையையும் வாசியும். 1957இல் எழுதப்பட்டு 1982இல்தான் அச்சேறியது. நான் திரும்பத் திரும்ப வாசிப்பது அதைத்தான்.

"முதலில் சுருக்கு, பிறகு தனியே பாதுகாப்புக் கோட் போடு என்று தகவல் கோட்பாட்டைத் தந்த ஷனனே சொன்னாரே" என்பீர். சொன்னார், ஆனால் எவ்வளவு நீளமான தரவுக் கட்டுக்கும் காத்திருக்கலாம் என்ற நிபந்தனையோடு. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலிலிருந்து பேசுபவர் காத்திருப்பாரா? 1996இல் வந்த ஜி.729 பேச்சு நியமத்தைப் பாரும். 10 மில்லிசெக்கனுக்கு 80 பிட். அதில் 18 பிட் பத்து எண்களாலான நிறமாலை வடிவத்துக்கு. ஒலியளவைச் சொல்லும் குறியேட்டின் எண்களை, ஒரு பிட் புரண்டாலும் கேடு குறையும்படி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அதற்காக மேலதிகமாக ஒரு பிட்கூடச் செலவாகவில்லை.

சனலின் பிழைவீதம் தெரிந்தால் இன்னும் ஒரு படி போகலாம். பெறுபவருக்கு எது போய்ச் சேரக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லைத் தெரிவுசெய்யும். இரைச்சல் கூடும்போது சில சொற்கள் ஒருமுறையும் தெரிவுசெய்யப்படாமலே போகும். அதைப் பிழை என்று அழித்துவிடாதேயும். சொற்கள் குறைந்தும் பிட்கள் குறையாததால், மிஞ்சும் பிட்களே பாதுகாப்பாகின்றன.

இனி உமது வேலை. −7 முதல் 7 வரையுள்ள எட்டு ஒற்றை எண்களுக்கு இரும வரிசையையும் கிரே வரிசையையும் கையால் கூட்டும். பிறகு 840ஐயும் நிரல் எழுதிப் பாரும். எது வெல்கிறது, ஏன் வெல்கிறது என்பதைக் கண்டுகொண்டு வாரும். அதன்பிறகு உமது பேச்சுத் தரவைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்