வேங்கை: ஒரு சொல், இரு உயிர்கள்

முன்னுரை

வகுப்பில் 'வேங்கை' என்றவுடன் மாணவர் பலரும் புலியையே கருதுகின்றனர். அப்பெயர் கொண்ட மரத்தைக் கண்டவர் மிகச் சிலரே. குறிஞ்சித்திணை பயில்வோர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் அவ்விரண்டையும் இங்கு ஒப்பிட்டு நோக்குவோம்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இரண்டற்கும் உறைவிடமாகும். புலியின் உடல் பொன்னிறம். அதன்மேல் கரிய வரிகள். மரத்தின் பூவும் பொன்னிறமே. அது கரும்பாறைமேல் உதிர்ந்து கிடக்கையில் வரிப்புலியை நினைவூட்டும். பட்டையை வெட்டினால் குருதி போன்ற செந்நிறப் பிசின் வடியும்.

புலி ஊனுண்டு தனித்துத் திரிவது. மரமோ நின்ற இடத்தினின்றே பயன் நல்குவது. அதன் கட்டை வீடு கட்ட உதவும். அக்கட்டையில் குடைந்த குவளையில் ஊறிய நீரை நீரிழிவுக்கு மருந்தாக அருந்துவதும் உண்டு.

இலக்கியச் சான்று

இப்பெயரொற்றுமையையும் உருவொற்றுமையையும் சங்கப் புலவர் நன்கு பயன்படுத்தினர். குறுந்தொகையின் 47ஆம் பாடலில், வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டியெனத் தோன்றும் காட்டுவழியே தலைவன் இரவில் வருகிறான். தோழி நிலவை நோக்கி, நீ களவுக்கு நன்மை செய்யவில்லை என்கிறாள். அகநானூற்றின் 48ஆம் பாடலிலோ, வேங்கைப் பூவை விரும்பிய மகளிர் 'புலி, புலி' என ஆரவாரிக்க, உண்மைப் புலியென எண்ணி வில்லுடன் வருகிறான் தலைவன். மரத்தை அறியாதார்க்கு இப்பாடல்களின் சுவை எங்ஙனம் புலனாகும்?

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் புலிகள் 1,827 எனக் கண்டனர். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் எண்ணிக்கை 3,682. அவற்றுள் தமிழகத்தில் 306. கணக்கெடுக்கும் முறை இடையில் மாறியதெனினும், நாடு விழித்துக்கொண்டதன் பயனை இதில் உணரலாம். மரத்திற்கு இத்துணைக் கவனம் வாய்க்கவில்லை. கட்டைக்காகவும் மருந்துக்காகவும் அது வெட்டப்பட்டே வந்துள்ளது.

முடிவுரை

விலங்கு அழிந்தால் காடு வறிதாகும். மரம் மறைந்தால் காட்டுடன் நம் பாட்டும் வறிதாகும். உரைநூல் காட்டும் பொருளோடு அமையாமல், மலைப்பகுதிக்குச் செல்லும்போது வேங்கை மரம் எதுவென அங்குள்ளாரிடம் கேட்டுக் கண்டு வருவோமாக. கல்லூரி வளாகத்தில் ஒரு கன்றேனும் நட்டு, அதன் பெயரை எழுதி வைப்பதும் தமிழ்த் தொண்டேயாம்.