தண்டில் முடிச்சிடும் நுண்ணுயிர்

அவரை இனப் பயிர்களின் வேர்களிற் காணும் முடிச்சுகள் நோயினால் உண்டானவை அல்ல. அவற்றினுள் வாழும் பாக்டீரியாக்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து, பயிருக்குத் தழைச்சத்தாக உதவுகின்றன; பயிரோ அவற்றிற்கு உணவும் உறைவிடமும் அளிக்கின்றது. 1888-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்பவர் இவற்றை முடிச்சினின்றும் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்துக் காட்டினார். மறு ஆண்டில் இவற்றிற்கு ரைசோபியம் என்னும் பெயர் உண்டாயிற்று.

இன்ன செடியில் முடிச்சிடுவது இன்ன இனம் என்று வகுப்பதே முற்கால வழக்கம். அது போதாதென்பது பின்னர் விளங்கியது. மெதுவாக வளரும் தன்மையுடையவை 1982-இல் பிராடிரைசோபியம் எனத் தனியே பிரிக்கப்பட்டன.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டில் வளரும் ஒருவகைச் செடி, வேரிலன்றித் தண்டிலும் வரிசை வரிசையாக முடிச்சிடுகின்றது. தமிழ்நாட்டில் மணிலா அகத்தி எனப்படுவது இச்செடியே. இதன் தண்டு முடிச்சினின்று எடுத்த பாக்டீரியாவை ஆராய்ச்சியாளர் பலவாறு பரிசோதித்தனர். தழைச்சத்துச் சேராத ஊட்டத்திலும், காற்றோட்டம் குறைந்த நிலையில், அது செடியின் உதவியின்றியே நைட்ரஜனைக் கவர்ந்து வளர்ந்தது. சர்க்கரை வகைகளிற் பெரும்பாலானவற்றை ஏற்காது, லாக்டிக் அமிலம் போன்றவற்றில் நன்கு பெருகிற்று. மரபணுப் பொருளை ஒப்பிட்டதில், முற்கூறிய இரண்டு இனங்களுக்கும் அது நெருங்கிய உறவன்று என்பது உறுதியாயிற்று. ஆகவே 1988-இல் அதற்கு அசோரைசோபியம் காலினோடன்ஸ் எனப் புதுப்பெயர் இடப்பட்டது. பெயரின் பிற்பகுதி தண்டில் முடிச்சிடுவது எனப் பொருள்படும்.

இவ்வாராய்ச்சியால் விவசாயிகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. முடிச்சுகள் பார்வைக்கு ஒத்திருப்பினும் அவற்றினுள் வாழும் உயிர்கள் வெவ்வேறானவை. ஒரு பயிருக்குரிய நுண்ணுயிர் உரத்தை மற்றொரு பயிரின் விதையிற் கலந்தால் முடிச்சு உண்டாகாமற் போகலாம்; உண்டானாலும் பயனின்றி இருக்கலாம். அப்போது பொருட்செலவு வீணாவதோடு பயிரும் தழைச்சத்தின்றி வெளிறும். ஆதலின் உர உறையின்மேல் குறித்துள்ள பயிரின் பெயரையும், காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்குதல் வேண்டும். ஆறிய கஞ்சியில் அதனைக் கலந்து, விதையின்மேற் பூசி, நிழலில் உலர்த்தித் தாமதமின்றி விதைத்தல் நன்று.

உளுந்து, நிலக்கடலை முதலியவற்றின் செடியொன்றை வேர் அறாமற் பெயர்த்து, முடிச்சைக் கீறிப் பார்த்தால் பலன் தெரியும். உட்புறம் சிவந்திருப்பின் அது வேலை செய்கின்றது, வெளுத்திருப்பின் பயனில்லை. கிராம அதிகாரிகள் இச்சோதனையை வயலிலேயே செய்துகாட்டிக் குடியானவர்களுக்கு விளங்கச் செய்தல் நலம்.